மஞ்சள் வேவிக்கிற மாசத்தில் வந்த ஓட்டு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அதுதான் எனக்கு மரியாதை. ஓட்டுப் பெட்டிக்கு அடித்திருக்கும் சாயம் ஓட்டுப் போட்டவன் கையில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நாள் நம்பிவிட்டுப் போகவில்லை. தை மாதம் பாதியில் தொடங்கி ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நம்பினேன். அந்த நாட்களில் பயத்தில் நான் வேலியோரம் ஓடிய ஓட்டத்தை நேராக ஓடியிருந்தால் சேலம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

இப்போது நாமெல்லாம் விரலில் மை வைத்துக்கொண்டு, அதை நாலு பேருக்குக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். அது வெள்ளைக்காரன் காலம். வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் வேண்டிய நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். எங்கள் பக்கம் பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி என்று இரண்டு. பச்சை மிட்டாதாருக்கு வேண்டியவருடையது. மஞ்சள், மிட்டா முறையே ஒழியவேண்டும் என்று பேசிக்கொண்டு வந்த ஒருவருடையது.

மிட்டாதார் என்றால் பத்துப் பன்னிரண்டு ஊருக்கு வரி வாங்கும் உரிமையும், அந்த உரிமையைவிட நீளமான மீசையும் உள்ளவர் என்று சொல்வார்கள். மீசையை நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அவருக்காக வரி, குத்தகை எல்லாம் கவனிக்கும் காரியக்காரரைத்தான். அவருக்கு மீசையே கிடையாது. மழமழவென்று முகம், வாய் நிறையச் சிரிப்பு, எதிரே யார் வந்தாலும் 'சாமி' என்பார். அவர் சிரித்துக்கொண்டே வீட்டு வாசலில் நின்றால் அம்மா அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் தீய்ந்த குழம்புக்கெல்லாம் அவர்தான் காரணம்.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குத் தெற்கே. என் அய்யனுக்கு, அப்பாவைத்தான் சொல்கிறேன், சொந்தமாக ஒரு ஏக்கர். ஓட்டு வந்தது அதனால். சோறு வந்தது மிட்டாதாரிடம் குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கரால். ஒவ்வொரு சித்திரையிலும் காரியக்காரர் 'இந்த வருஷமும் நீங்களே பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் குத்தகைப் பத்திரம். அது வராவிட்டால் ஏரைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் பார்க்கவேண்டியதுதான்.

எல்லோரும் மஞ்சள் பயிர் வைத்திருந்தோம். விளைந்த மஞ்சளை மிட்டாதாரின் மண்டியில்தான் போடவேண்டும், அவருடைய கொப்பரையில்தான் வேகவைக்கவேண்டும் என்பது வழக்கம். என் தாய்மாமனுக்கு வழக்கம் என்ற சொல்லே ஆகாது. அவர் தன்னையும் சேர்த்துப் பதினோரு குடும்பத்தைக் கூட்டி, சொந்தமாக ஒரு இரும்புக் கொப்பரை வாங்கி, எல்லோருடைய மஞ்சளையும் ஒன்றாக வண்டி கட்டிச் சேலத்துக்கே கொண்டுபோய் விற்பது என்று ஒரு சங்கம் வைத்தார். சங்கத்துக்குப் பெயர் கிடையாது. நோட்டுப் புத்தகம் கிடையாது. கையெழுத்து கிடையாது. எழுதி வைத்தால் காரியக்காரர் கையில் கிடைக்கும் என்பது மாமனின் கணக்கு. அதனால் சங்கத்தில் யார் யார் என்பது அந்தப் பதினோரு தலைக்குள்தான் இருந்தது.

ஓட்டு நெருங்க நெருங்க ஊரில் நாலு பேர் சேர்ந்து நிற்பதே குற்றமாகிவிட்டது. தலையாரி தடியை ஊன்றிக்கொண்டு வருவார். என்ன பேச்சு என்று கேட்பார். பஜனை நின்றுபோயிற்று. பக்கத்து ஊரில் மஞ்சள் பெட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டவருடைய வைக்கோல் போர் பட்டப்பகலில் பற்றிக்கொண்டது. அணைக்கப் போனவர்களை, 'நீங்க எதுக்குச் சாமி சிரமப்படறீங்க?' என்று காரியக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

ஆனால் மஞ்சள் வேகவைக்க ஆள் வேண்டுமே. அதை யாரும் தடுக்கமுடியாது. தோண்டிய மஞ்சளைக் கொப்பரையில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மேலே மஞ்சள் செடியின் தாளை, இலையைத்தான் சொல்கிறேன், போட்டு மூடி, நாலு பேர் தீ தள்ள, நாலு பேர் வெந்ததை அள்ளிக் களத்தில் கொட்ட என்று ஒரு கூட்டமே தேவை. சங்கத்துக் கூட்டமெல்லாம் அந்தக் கொப்பரையைச் சுற்றித்தான் நடந்தது. தலையாரி வந்து எட்டிப் பார்ப்பார். புகையும் ஆவியும் ஆட்களும். உதவிக்கு வந்தவன் யார், சங்கத்து ஆள் யார் என்று எதை வைத்துச் சொல்வது? இருமிக்கொண்டே திரும்பிப் போவார்.

அந்த வாடையைச் சொல்லவேண்டும். வேகிற மஞ்சளின் வாடை மண்ணும் மருந்தும் கலந்த மாதிரி. அது சோற்றில் இருக்கும், தலைமயிரில் இருக்கும், சிலேட்டில் எழுதினால் எழுத்தில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊரில் யாருக்கும் மஞ்சள் இல்லாத கை கிடையாது. நகக்கண், ரேகை, முழங்கை வரைக்கும். வாத்தியார் என் விடைத்தாளைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்ப்பார். என் வேலை ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பது. குச்சி சுளுவாக இறங்கினால் வெந்துவிட்டது. எனக்கு வயது ஒன்பது. இந்தப் பதவியில் இருந்த கர்வம் பின்னால் எந்தப் பதவியிலும் வரவில்லை.

தீ தள்ளுகிறவர்களில் ஒருவர் என் பெரியப்பா. அவருக்குக் காது முக்கால் பங்கு கேட்காது. தனக்குக் கேட்காததால் யாருக்குமே கேட்காது என்று நினைத்து எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவார். அவரும் சங்கத்தில் ஒருவர். கொப்பரை வாங்கும்போது அய்யன் அவர் காதில் சொல்ல, அவர், 'சங்கமா? சேத்துக்கங்க' என்று கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கை பறந்துவிட்டது. அதிலிருந்து அவரிடம் எந்த ரகசியத்தையும் சொல்வதில்லை என்று மாமன் தீர்மானம் போட்டார். சங்கம் போட்ட ஒரே தீர்மானம் அதுதான் என்று நினைக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்த கதைக்கு வருகிறேன். ஒரு நாள் வேப்பமரத்தடியில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் காரியக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் கத்தி ஓடும்போதே, யாரிடமோ சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மஞ்சப் பெட்டிக்கு அடிச்சிருக்கற சாயம் லேசுப்பட்டது இல்லீங்க. தொட்டவன் கையில ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புத் தண்ணியில முக்குனா பளிச்சுனு செவந்துரும். ஓட்டு அன்னைக்கு அண்டாவுல கலக்கி வெக்கச் சொல்லியிருக்கறாரு பெரியவரு. நமக்கென்னங்க, பச்சையில போடறவனுக்குப் பயமா?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டைக் கலக்கி எடுத்துக்கொண்டு வருவது நான்தான். விஷயம் தெரிந்தவனுக்குத்தானே பயம். அன்றைக்கு எனக்கு வெட்டிய முடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனதற்கு, நான் நடுங்கியதுதான் காரணம் என்று நாவிதர் அம்மாவிடம் புகார் சொன்னார்.

அய்யன் மஞ்சள் பெட்டியில்தான் போடப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கை சிவக்கும். குத்தகை போகும். நாங்கள் ஏரைத் தூக்கிக்கொண்டு போவோம். போகிற வழியில் என் குட்டி ஆட்டை விற்றுவிடுவார்கள். என் கற்பனை ஆட்டுக்குட்டி வரைக்கும் போய் அங்கே நின்று அழுதது.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அம்மாவிடம் பித்தளையில் ஒரு சுண்ணாம்புக் கரண்டகம் இருந்தது. மாங்காய் வடிவம், மூடியில் ஒரு கிளி. கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். அதிலிருந்து சுண்ணாம்பை வழித்துக் கொட்டாங்குச்சியில் கரைத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். மத்தியானம். அய்யன் வண்டி நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஒரு கை மண்ணில் கிடந்தது. மெதுவாகத் தூக்கி உள்ளே முக்கினேன்.

சிவந்தது. அப்படி இப்படி இல்லை. கோழி அறுத்த மாதிரி.

நான் போட்ட சத்தத்தில் அய்யன் எழுந்தார். எழுந்ததும் தன் கையைப் பார்த்தார். பிறகு அவர் என்னைவிடப் பெரிய சத்தம் போட்டார். மாமன் அரிவாளோடு ஓடிவந்தார். யாரோ பாம்பு என்றார்கள். யாரோ வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட வந்தார்கள். காது கேட்காத பெரியப்பா மட்டும் தீயைத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் கொட்டாங்குச்சியைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு விழுந்த அறையில் என் கன்னமும் அதே நிறத்துக்கு வந்தது.

அழுதுகொண்டே காரியக்காரர் சொன்னதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெட்டியாவது, சாயமாவது என்றார்கள். நான் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மாமன் சிரிக்கவில்லை. கொட்டாங்குச்சியில் தன் விரலை விட்டார். சிவந்தது. பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து விரலை விட்டார். அதுவும் சிவந்தது.

"சாயம் பொய்யி மாப்பிள்ள," என்றார் அய்யனைப் பார்த்து. "ஆனா சுண்ணாம்பு நெசம். போட்டாலும் செவக்கும், போடாட்டியும் செவக்கும். செவந்துச்சுன்னா அவனுக்குச் சாக்குப் போதும்."

ஒருவர், பேசாமல் ஓட்டுக்கே போகாமல் இருந்துவிடலாம் என்றார். போகாதவன் பெயரைத்தான் முதலில் குறிப்பார்கள் என்றார் இன்னொருவர். எனக்குத் தெரிந்து பெரிய ஆட்கள் பயந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவரை பயம் என்பது பொடியன்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பயத்துக்கு மட்டும் யாரும் அறை கொடுக்கவில்லை.

மாமன்தான் முடிவு சொன்னார். கையில் மஞ்சள் இருந்தால்தானே சிவக்கும்? ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வேவிப்பதை நிறுத்து. கையைச் சுத்தமாகக் கழுவு. சுத்தமான கையை எவன் வந்து என்ன செய்துவிட முடியும்?

அது நல்ல யோசனை என்று பெரியப்பா நீங்கலாகப் பத்துப் பேரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். என்னைக் கேட்டிருந்தால் ஓட்டுப் போடுவேன், அவ்வளவு நம்பினேன்.

மஞ்சளைக் கையிலிருந்து எடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன்; சிவந்துவிட்டது. அலறினேன். வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு துண்டு சோப்பு வாங்கிவந்து தேய்த்தேன், அதுவும் சிவந்தது. வெள்ளைக்காரனும் மிட்டாதாரும் கூட்டு என்பது எனக்கு அன்றைக்கு உறுதியாயிற்று. புளி போட்டால் சிவப்பு போய்த் திரும்ப மஞ்சள் வந்தது. கடைசியில் கைகொடுத்தது விளக்கெண்ணெயும் தவிடும். எண்ணெயைச் சூடாகத் தடவி, தவிட்டைப் போட்டு, ரேகைக்குள்ளெல்லாம் தேய்த்து, எலுமிச்சம் மூடியால் நகக்கண்ணைக் குடைந்து, வெயிலில் கையை விரித்து வைத்து, மறுபடி தேய்த்து. இரண்டு நாளில் கை பிறந்த குழந்தையின் கை மாதிரி வந்துவிட்டது.

அம்மா ஒரு படி எண்ணெயைக் கொடுத்துவிட்டு, "ஓட்டுப் போடறதுக்கா போறீங்க, பொண்ணுப் பாக்கவா?" என்று கேட்டாள். பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்து கையை நீட்டினார்கள். நான் தேய்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள். சிலருக்கு ஒரு விரல் வளையாது. சிலருக்கு வெட்டுத் தழும்பு. மாமனின் கை மட்டும் மெலிந்திருக்கும். முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரன்டா எம் மருமகன்" என்றார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதைத்தான் நான் யாரிடமும் காட்டுவதில்லை.

பெரியப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டுமானால் கத்தவேண்டும். கத்தினால் தலையாரி வீடு வரைக்கும் கேட்கும். தீர்மானம் தீர்மானம்தான். அவர் பாட்டுக்குக் களத்தில் மஞ்சளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டு அன்றைக்கு அய்யன் என்னையும் கூட்டிப் போனார். வழியில் வேர்த்து மஞ்சள் திரும்ப வந்துவிட்டால் தேய்ப்பதற்கு ஆள் வேண்டுமே. மடியில் எலுமிச்சம் மூடி வைத்திருந்தேன். ஓட்டுப் போடும் இடம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். பச்சைப் பெட்டிக்காரர்கள் மிட்டாதாரின் வண்டிகளில் சலங்கை கட்டிய மாடுகளோடு வந்து இறங்கினார்கள். நாங்கள் நடந்தோம், ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத ஆட்கள் மாதிரி தள்ளித் தள்ளி. பெரியப்பா மட்டும் நடுவில், "எல்லாரும் எதுக்குடா பொணத்துக்குப் போற மாதிரி போறீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அய்யன் உள்ளே போய்விட்டு வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. அண்டா எங்கே என்று நான் நாலா பக்கமும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இல்லை. சரி, தப்பித்தோம் என்று திரும்பி வருகிறோம். ஊருக்குள் நுழைகிற புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் காரியக்காரர். பக்கத்தில் அண்டா. அண்டாவுக்குள் வெள்ளையாகத் தண்ணீர்.

அய்யன் வேட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் கையை உதறினார்.

"வாங்க சாமி, வெய்யல்ல நடந்து வந்திருக்கறீங்க," என்றார் காரியக்காரர். "ஒரு வா மோரு குடிச்சுட்டுப் போங்க. சொம்பு ஊட்டுல இருந்து இன்னும் வரலீங்க. கைய ஏந்துங்க."

அய்யன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். காரியக்காரர் அகப்பையால் ஊற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அய்யன் குடித்துக்கொண்டிருந்தார். கை சிவக்கவில்லை. வெள்ளையாகவே இருந்தது. நான் அண்டாவை எட்டிப் பார்த்தேன். கொத்தமல்லித் தழை மிதந்தது. பெருங்காய வாசம். மோர். நிஜமாகவே மோர்.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நானும் கையை ஏந்தினேன். ஒரு கை, இரண்டு கை, வெட்கமில்லாமல் மூன்றாவது கையும் வாங்கிக் குடித்தேன். காரியக்காரர் என் கையையும் பார்த்தார். என் தலையைத் தடவினார். பிறகு அய்யனிடம் கேட்டார், அதே சிரிப்போடு, மெதுவாக.

"மஞ்ச வேவிக்கற மாசத்துல கை இப்படி வெளுத்திருக்குதுங்களே, எதுக்குங்க?"

கையில் மீதியிருந்த மோர் விரல் இடுக்கில் வடிந்தது. காரியக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நல்லா வெளுத்திருக்குதுங்க," என்றார். எங்களுக்குப் பின்னால் மாமன் வந்துகொண்டிருந்தார். "வாங்க சாமி, கைய ஏந்துங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். மோர் நன்றாக இருந்தது என்றேன், உப்பு மட்டும் கொஞ்சம் கூட என்றேன். நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன். அய்யன் ஒரு தடவைகூட ஊம் கொட்டவில்லை. அவருக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பெரியப்பாவும் அங்கே மோர் குடித்தார். முழங்கை வரைக்கும் மஞ்சளாக இருந்த கையை ஏந்தி, இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று கத்தி அரை அண்டாவைக் காலி செய்தாராம். அவர் ஓட்டுப் போட்டதும் மஞ்சள் பெட்டியில்தான். அதை வீட்டுக்கு வந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார். சங்கத்து ஆள் இப்படியா கத்துவான் என்று தலையாரி சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

சுண்ணாம்புத் தண்ணீர் எந்த வாசலிலும் வைக்கப்படவில்லை. ஓட்டில் ஜெயித்தது மஞ்சள் பெட்டி. சித்திரை பிறந்ததும் காரியக்காரர் வீடு வீடாக வந்து, யார் யார் குத்தகை அந்த வருஷத்தோடு முடிந்தது என்று சொன்னார். பத்துப் பேர். நான் கை தேய்த்துவிட்ட பத்துப் பேர்தான். ஒரு பெயர் கூடவில்லை, ஒரு பெயர் குறையவில்லை. பெரியப்பாவிடம் மட்டும், "இந்த வருசமும் நீங்களே பாருங்க" என்றார். அது அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது.